மணி மூக்கில் போனால் ஹேர்பின்னைத் தொடாதீர்கள்

குழந்தையின் காதிலோ மூக்கிலோ போய், டாக்டரான என்னிடம் வந்த கோக்கிற மணிகளில் இந்த மாதத்தில் இது நான்காவது. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஓபி முடிகிற நேரத்தில் ஒரு நாலு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். வலது காதிலிருந்து கழுத்து வரை ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. அம்மா வீட்டிலேயே மணி கோத்துக் கம்மலும் மாலையும் செய்பவர். பக்கத்தில் உட்கார்ந்து விளையாடிய பையன் பச்சைக் கண்ணாடி மணி ஒன்றைக் காதுக்குள் போட்டுக்கொண்டான். அதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அப்படியே கூட்டி வந்திருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் அப்பா ஹேர்பின்னை எடுத்தார், அது ஆகாமல் பக்கத்து வீட்டு அக்கா புருவம் திருத்துகிற ட்வீசரோடு வந்தார், அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று தேங்காயெண்ணெயையும் ஊற்றினார்கள். நான் பார்க்கும்போது காதுத் துவாரம் வீங்கி, மணி செவிப்பறையை ஒட்டிப் போய், பையன் யாரையும் கிட்டே விடாமல் கதறிக்கொண்டிருந்தான். மறுநாள் காலை முழு மயக்கம் கொடுத்துத்தான் எடுத்தோம். செவிப்பறையில் சின்னக் கிழிசல். அது பெரும்பாலும் தானாக மூடிவிடும், ஆனால் அதுவரை அந்தக் காதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மணி கோப்பதை நான் குறை சொல்லவில்லை. என்னிடம் வரும் அம்மாக்களில் பல பேருக்கு அதுதான் மதிய நேரத்து நிம்மதி, சிலருக்குக் கைச்செலவுக்கான வருமானமும்கூட. என் கோபமெல்லாம் மணி உள்ளே போன பிறகு வீட்டில் நடக்கிற அந்த அரைமணி நேரத்தின் மேல்தான்.

'கண்ணுக்குத் தெரியுதே டாக்டர், எடுத்துடலாம்னு நினைச்சோம்.' எல்லோரும் சொல்வது இதைத்தான். சரி, ஒன்று செய்து பாருங்கள். உங்கள் பெட்டியிலிருந்து 6 மில்லிமீட்டர் கண்ணாடி மணி ஒன்றை எடுத்து, அது கிட்டத்தட்ட இறுக்கமாகப் போகிற பேனா மூடிக்குள் போட்டு, ட்வீசரால் எடுங்கள். ட்வீசரின் இரண்டு நுனியும் மணியின் முன்பாதியைத்தான் தொடும். உருண்டையான, வழவழப்பான பொருளின் முன்பக்கத்தை அழுத்தினால் அது பின்னால்தான் போகும், எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு உள்ளே. பேனா மூடி அழாது, தலையை ஆட்டாது, அதற்கு வீங்காது, அதிலேயே வரவில்லை. காதுத் துவாரம் பாதி வழியில் குறுகுகிறது. அந்தக் குறுகலைத் தாண்டி மணியை நீங்கள் தள்ளிவிட்டால், பிறகு தோல் எலும்போடு ஒட்டியிருக்கிற இடம், லேசாகத் தொட்டாலே உயிர் போகிற வலி. மூக்கில் பின்னால் தள்ளினால் மணி தொண்டையில் விழும், அங்கிருந்து மூச்சுக்குழாய்க்குப் போக ஒரு விம்மல் போதும். உருண்டையான பொருளை நாங்களே இடுக்கியால் எடுப்பதில்லை. நுனி வளைந்த சன்னமான கம்பியை மணிக்கு மேலாக நுழைத்து, அதன் பின்னால் போய்த் திருப்பி, முன்னுக்கு இழுக்கிறோம், இல்லையென்றால் உறிஞ்சுகுழாய். அதற்கும் குழந்தை பயப்படாமல் இருக்க வேண்டும். முதல் முயற்சியில் வருகிற அளவுக்கு அடுத்தடுத்த முயற்சிகளில் வராது. அந்த முதல் முயற்சியை ஹேர்பின்னுக்குக் கொடுத்துவிட்டு வராதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்வது ஒன்றே ஒன்று, அதுவும் மூக்குக்கு மட்டும். 1965லேயே அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதிவைத்த முறை. முத்தம் கொடுக்கப் போகிறேன் என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, அம்மா தன் வாயால் குழந்தையின் வாயை மூடி, மணி இல்லாத பக்கத்து மூக்கை விரலால் அடைத்து, வாய்க்குள் ஒரு சின்ன ஊதல். காற்று பின்னாலிருந்து வந்து மணியை முன்னுக்குத் தள்ளும். 10 குழந்தைகளில் சுமார் 6 பேருக்குப் பலிக்கிறது. ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை. வரவில்லையென்றால் கிளம்பிவிடுங்கள்.

இன்னொரு வகை குழந்தைகள் தாமதமாக வருவார்கள். போன மாதம் ஒரு பாட்டி மூன்று வயதுப் பேத்தியைக் கூட்டி வந்தார். 'சளிதான் டாக்டர், மூணு வாரமா நாத்தம் தாங்கல, ரெண்டு தடவ மருந்து வாங்கியாச்சு.' எந்தப் பக்கம் பாட்டி என்று கேட்டேன். இடது பக்கம் மட்டும்தான். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், இல்லை என்று பார்த்து உறுதி செய்யும் வரை உள்ளே ஏதோ பொருள் இருக்கிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். எடுத்தபோது நீலப் பிளாஸ்டிக் மணி, துளை முழுக்கச் சீழ். அதைப் பார்த்த பிறகும் பாட்டி, 'ஓட்ட இருக்குற மணிதானே, மூச்சு போகும்ல' என்றார். போகாது பாட்டி. அந்தத் துளை நூல் நுழைகிற அளவுதான், சளி பட்டதும் அடைத்துவிடும்.

மூச்சுக்குழாயில் போன மணிதான் என்னைத் தூங்கவிடாது. தவழ்கிற குழந்தையின் மூச்சுக்குழாய் அதன் சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். திடீரென்று புரையேறி, மூச்சுத் திணறி இருமும், பிறகு இருமல் நின்றுவிடும். நின்றது என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை, மணி கீழே போய் ஒரு பக்க நுரையீரலில் உட்கார்ந்துவிட்டிருக்கலாம். பிளாஸ்டிக் மணி எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் 'எக்ஸ்ரே நார்மல்' என்ற காகிதத்தை நம்பி வீட்டில் இருக்காதீர்கள். இருமவும் அழவும் முடியாமல் திணறினால், ஒரு வயதுக்குள் என்றால் கவிழ்த்துப் பிடித்து முதுகில் 5 தட்டு, மல்லாத்தி நெஞ்சில் 5 அழுத்தம், மாற்றி மாற்றி. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு முதுகில் 5 தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்து மேல்வயிற்றில் உள்நோக்கி மேலாக 5 அழுத்தம். இன்னொருவர் 108க்குப் போன் செய்யட்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல்விட்டுத் துழாவாதீர்கள்.

காந்தக் கொக்கி வைத்த மாலை செய்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். இரண்டு காந்தத் துண்டுகள் மூக்கின் இரண்டு பக்கமும் போனால் நடுச்சுவரைக் கவ்விக்கொண்டு அதை ஓட்டையாக்கும். விழுங்கினால் குடலிலும் அதே கதி. இதற்கு 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' கிடையாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அப்புறம் குன்றிமணி. இயற்கை நகை என்று இப்போது அதையும் துளைத்துக் கோக்கிறார்கள். தட்டான் தராசில் எடைக்கு வைத்ததுதானே, ஒன்றும் ஆகாது என்கிறார்கள். முழுசாக விழுங்கினால் தோல் கெட்டி என்பதால் பல சமயம் அப்படியே வெளியேறிவிடும், ஆனால் நீங்கள் ஊசியால் துளைத்தபோது அந்தத் தோலைத்தானே உடைத்தீர்கள்? உள்ளே இருக்கிற அப்ரின் என்ற விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. 2011இல் இங்கிலாந்தில் ஈடன் புராஜெக்ட் என்ற தாவரப் பூங்கா, தான் விற்ற குன்றிமணிக் கைப்பட்டைகளைத் திரும்பக் கேட்டு வாங்கியது. தயவுசெய்து அதைக் கோக்காதீர்கள், அந்தச் சிவப்பைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் வாய் ஊறும்.

கைக்குழந்தைக்குக் கருமணி வளையல் கேட்டு ஆர்டர் வந்தாலும் மறுத்துவிடுங்கள் அம்மா. திருஷ்டிக்கு வேண்டுமென்றால் கன்னத்தில் மை வைக்கட்டும். நூல் அறுந்தால் மணி போகிற முதல் இடம் வாய்தான். 3 வயது வரை மணி வைத்த எதுவும் வேண்டாம்.

தரையில் பாய் விரித்துக் கோக்காதீர்கள், மேஜையில், விளிம்பு வைத்த தட்டில், அடியில் ஒரு துணி போட்டு வேலை செய்யுங்கள், மணி உருளாது. போன் வந்தாலும் டப்பாவை மூடிவிட்டு எழுந்திருங்கள். முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து அடியுங்கள், சிதறிய ஒவ்வொரு மணியும் மினுங்கும். நீங்களும் ஹெட் பின்னையும் ஊசியையும் உதட்டில் கவ்விக்கொண்டு பேசாதீர்கள், சிரித்தால் உள்ளே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் போய்விட்டதா, திட்டாதீர்கள், அடிக்காதீர்கள், அடுத்தமுறை சொல்லாமல் மறைத்துவிடும். காதில் மர மணியோ விதையோ என்றால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஊறிப் பெருக்கும். அதே மணியில் இன்னொன்றைக் கையோடு எடுத்து வாருங்கள், உள்ளே இருப்பதன் அளவு எனக்குத் தெரிய வேண்டும். வருகிற வழியில் அழுகையை நிறுத்த பிஸ்கட்டும் பாலும் கொடுக்காதீர்கள். மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால், வயிறு காலியாகும் வரை ஆறு மணி நேரம் வெளியே பெஞ்சில் காத்திருக்க வேண்டியிருக்கும், மணியோடு.