சுவரோடு ஒட்டிய டிவிக்குப் பின்னால் கேபிள் செருகுவதற்கு முன்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர் பக்கம் டிவி வேலைக்குப் போனால் நான் அடிக்கடி பார்க்கிற பழுது, படம் விட்டு விட்டு வருவது. டிவி புதுசாகத்தான் இருக்கும். கழற்றிப் பார்த்தால் எச்டிஎம்ஐ போர்ட், அதாவது செட்டாப் பாக்ஸிலிருந்து படமும் ஒலியும் கொண்டுவரும் கேபிளைச் செருகுகிற வாய், ஆட்டம் கண்டிருக்கும். டிவியைச் சுவரில் மாட்டிவிட்டு, விரல் நுழையாத இடுக்கில் தடவித் தடவிக் கேபிளைச் செருகியதால் வந்த வினை.

எச்டிஎம்ஐயின் அந்தச் சின்ன வாய்க்குள் 19 பின்கள் இருக்கின்றன. பழைய விஜிஏ கேபிள் மாதிரி திருகி இறுக்க ஸ்க்ரூ கிடையாது, வெறும் பிடிமானத்தில்தான் நிற்கிறது. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். திருப்பி வைத்து அழுத்தினால் உள்ளே இருக்கும் நாக்கு உடைந்துவிடும். பிளக்கின் நீளமும் வயர் வளைகிற இடமும் சேர்ந்தால் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டும். ஒட்டி மாட்டுகிற ஸ்டாண்டில் கிடைப்பது ஒரு அங்குலம், கொஞ்சம் கூடக் குறைய. வயரைச் சுவர் நெருக்க, அந்த அழுத்தமெல்லாம் மெயின் போர்டில் பற்றவைத்த போர்ட்டின் மேல் விழுகிறது. போர்ட் போனால் பல நேரம் போர்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

நம் செட்டிநாட்டு வளவு வீடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, தடவினால் இன்னும் வழவழவென்று இருக்கிறது. "வயரே வெளியே தெரியக் கூடாது தம்பி" என்று ஆச்சிமார் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தச் சுவரில் காடி வெட்டச் சொல்லாதீர்கள். அதே பூச்சைத் திரும்பப் பூசத் தெரிந்தவர்கள் குறைவு. ஒட்டுப்போட்ட இடம் தனியாகத் தெரியும். சுவர் நிறத்திலேயே வயரை மறைக்கிற மெல்லிய கேசிங் பட்டி வாங்கி, நிலைக்கதவு ஓரமாக இறக்கினால் போதும், கண்ணை உறுத்தாது.

அப்படிச் சுற்றிக் கொண்டுபோனால் கேபிள் நீளும். 4கே படத்துக்குச் சாதாரண செம்புக் கேபிள் ஐந்து மீட்டருக்குள் இருப்பது நல்லது. அதைத் தாண்டினால் ஃபைபர் வைத்த எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். அதில் ஒரு முனை செட்டாப் பாக்ஸுக்கு, மறுமுனை டிவிக்கு என்று எழுதியிருக்கும். மாற்றிச் செருகினால் படமே வராது.

இடுக்குக்கு, முழங்கை மாதிரி வளைந்த எல்போ கனெக்டர் நல்ல வழி. வாங்கும் முன் போர்ட்டை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 90 டிகிரி, 270 டிகிரி என்று இரண்டு வகை விற்கிறார்கள். ஒன்று வயரைக் கீழே திருப்பினால் மற்றது மேலே திருப்பும். எது வேண்டும் என்பது அகல விளிம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. எல்போவையும் கேபிளையும் டிவி கீழே இருக்கும்போதே செருகி, கேபிளை ஸ்டாண்டில் டை போட்டுக் கட்டிவிட்டு, அப்புறம் தூக்கி மாட்டுங்கள். பின்னால் சேர்க்க வேண்டி வந்தால், இரண்டு பேராக டிவியை இறக்கிச் செய்வதே சரி.

கடைசியாக, எர்த். பல பழைய வீடுகளில் எர்த் வயரே இருக்காது. செட்டாப் பாக்ஸின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? அந்தக் கசிவு மின்சாரம் கேபிளைச் செருகும் நொடியில் போர்ட் வழியாகப் பாய்ந்து உள்ளே இருக்கும் ஐசி என்கிற சில்லை எரித்துவிடலாம். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, டிஷ் வயரையும் கழற்றிய பிறகு எச்டிஎம்ஐயில் கை வையுங்கள். எர்த் இழுக்க எலக்ட்ரீஷியனை டிவி வாங்குகிற வாரமே கூப்பிட்டுவிடுங்கள்.