ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்றிருந்த 1.1

அந்த அம்மா மஞ்சப்பையிலிருந்து எடுத்துவைத்த ஃபைலில் நான்கு வருட ரிப்போர்ட்டுகள் வரிசையாக இருந்தன. வயது 63. சர்க்கரை வந்து பதினைந்து வருடம். கால் வீக்கம், பசியில்லை, நான்கு படி ஏறினாலே களைப்பு. கடைசி ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் 2.4. மூன்று வருடத்துக்கு முந்தைய தாளைப் புரட்டினேன். 1.1. பக்கத்திலேயே லேப்காரர்கள் அச்சிட்டிருந்த அளவு 0.6 முதல் 1.2 வரை. கொட்டை எழுத்தும் இல்லை, நட்சத்திரக் குறியும் இல்லை. கூட வந்த மகன் கேட்டார்: “அப்போ நார்மல்னுதானே சார் போட்டிருந்துச்சு?”

லேப் கணக்குக்கு நார்மல். அந்த அம்மாவின் சிறுநீரகத்துக்கு இல்லை.

கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு. உடம்பில் தசை எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப அது ஊறிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம் வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அதனால் வயதும் ஆணா பெண்ணா என்பதும் தெரியாமல் அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்று தெரியும். இதுதான் இஜிஎஃப்ஆர். கிரியாட்டினின் 1.3 உள்ள 30 வயது ஆணுக்கு இது 76 வரும். அதே 1.3, 60 வயதுப் பெண்ணுக்கு 47. இந்த அம்மாவுக்கு அன்றைய 1.1-க்கே 58தான். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய், அதிலும் மூன்றாம் கட்டம். இன்றைய 2.4-க்குக் கணக்குப் போட்டால் 22, அதாவது நான்காம் கட்டம். 15-க்குக் கீழே இறங்கினால் ஐந்தாவது.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 60 வயதுப் பெண்ணுக்கு கிரியாட்டினின் 0.7-லிருந்து 1.4 ஆனால் வடிகட்டும் திறன் 99-லிருந்து 43-க்கு விழுகிறது. பாதிக்கு மேல் போய்விட்டது. அதே பெண்ணுக்கு 5-லிருந்து 6 ஆனால் இழப்பு வெறும் 2 மில்லி. ஆனால் என் அறைக்குப் பதறி ஓடிவருபவர்கள் எல்லாம் 5-லிருந்து 6 ஆனவர்கள்தான். 0.7, 1.4 ஆனதற்கு யாரும் வருவதில்லை, “லேசாத்தான் ஏறியிருக்கு” என்று விட்டுவிடுகிறார்கள். காப்பாற்றுவதற்கு நிறைய மிச்சமிருப்பது அப்போதுதான்.

அதைவிட முன்னாலேயே காட்டிக்கொடுப்பது சிறுநீர்ப் பரிசோதனை. சர்க்கரை நோயில் பெரும்பாலும் முதலில் கசிவது ஆல்புமின் என்னும் புரதம். கிரியாட்டினின் அசையாமல் இருக்கும்போதே இது தெரிந்துவிடும். சிறுநீரில் ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் ஆல்புமின் இருந்தால் சரி. 300-ஐத் தாண்டினால் ஓட்டை பெரிது. சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது இதைப் பார்க்க வேண்டும். அந்த ஃபைலில் சர்க்கரைக்கு முப்பது தாள் இருந்தது. சிறுநீருக்கு ஒன்றுகூட இல்லை.

நம் ஊரில் ‘உப்பு’ என்ற சொல் பண்ணும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. சிறுநீரில் புரதம் போனாலும் உப்பு, இரத்தத்தில் யூரியா, கிரியாட்டினின் ஏறினாலும் உப்பு. “உப்பையே விட்டுட்டேன் சார், ஆனா உப்பு இறங்கல” என்பார்கள். சமையல் உப்பைக் குறைப்பது இரத்த அழுத்தத்துக்காகவும் வீக்கத்துக்காகவும். ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு டீஸ்பூன், 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். இந்துப்பும் சோடியம்தான், அதற்குத் தனிச் சலுகை இல்லை. கடையில் விற்கும் ‘லோ சோடியம்’ உப்பு இன்னும் மோசம். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்திருப்பார்கள். சிறுநீரகம் தளர்ந்தவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். நான்காம் கட்டத்தில் இளநீர் வேண்டாம் என்று சொல்வதும் இதற்காகத்தான். வாழைத்தண்டு ஜூஸ், நிறையத் தண்ணீர் என்ற யோசனையெல்லாம் கல் இருப்பவர்களுக்காகச் சொன்னது. கால் வீங்கியவர் தண்ணீரை அள்ளிக் குடித்தால் நுரையீரலில்தான் போய்த் தேங்கும்.

மாத்திரைக்கு வருவோம். டெல்மிசார்டான், ராமிப்ரில் வகை மாத்திரைகள் இரத்த அழுத்தத்தோடு வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையும் குறைக்கும், புரதக் கசிவு குறையும். ஆனால் ஆரம்பித்த சில வாரங்களில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறினால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை, பொட்டாசியத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு தொடரலாம். இதைச் சொல்லாமல் அனுப்பினால், “அந்த மாத்திரைதான் கிட்னியைக் கெடுத்துச்சு” என்று நிறுத்திவிடுவார்கள். அது எங்கள் தப்பு. டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரைக்காக வந்த மருந்து. சர்க்கரை இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் அது நோயின் வேகத்தைக் குறைக்கிறது என்று 2020-ல் வந்த பெரிய ஆய்வு காட்டியது. அதே வருடம் இந்தியாவில் அதன் காப்புரிமையும் முடிந்து விலை இறங்கியது. வாந்தி, பேதி என்று படுத்தால் இந்த மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும்; டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரை, ஊசி எதுவும் கூடாது.

அந்த அம்மா சந்தோஷமாக ஒன்று சொன்னார்: “சுகர் மட்டும் இப்ப தானாவே இறங்கிடுச்சு டாக்டர், பாதி மாத்திரைதான் போடறேன்.” எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. உடம்பிலிருந்து இன்சுலினைக் கழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது ஓய்ந்தால் இன்சுலின் அதிக நேரம் தங்கும், சர்க்கரை இறங்கும். பழைய அளவிலேயே மாத்திரையைத் தொடர்ந்தால் ஒருநாள் தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவார்கள்.

“டயாலிசிஸா சார்?” என்று மகன் தணிந்த குரலில் கேட்டார். இப்போது இல்லை. எண்ணை மட்டும் பார்த்து அதை ஆரம்பிப்பதில்லை. மூச்சுத்திணறல், நிற்காத வாந்தி, இறங்காத பொட்டாசியம் போன்றவைதான் நாளைக் குறிக்கும். மூன்றாம் கட்டத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் வரை போவதே இல்லை. அவர்களுக்கு முதல் ஆபத்து மாரடைப்புதான். அதனால்தான் கொலஸ்ட்ரால் மாத்திரையும் எழுதுகிறோம். ஆனால் 22-ல் இருப்பவர் தயாராக வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையையும், கொடுக்க ஆள் இருந்தால் டயாலிசிஸுக்கே போகாமல் மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்பதையும் சொன்னேன். இரண்டையும் அவர்கள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்கள்.

கடைசியாக அந்த அம்மாவின் இடது கையைப் பிடித்துப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே நல்ல நரம்பு. டயாலிசிஸ் தேவைப்பட்டால் அங்கேதான் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட வேண்டும். அது தேறிப் பயன்பாட்டுக்கு வர ஒன்றரை மாதமாவது ஆகும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை அந்த நரம்பைக் குத்திப் பாழாக்கக் கூடாது. இனி இரத்தம் எடுக்க யார் வந்தாலும் வலது புறங்கையை நீட்டுங்கள், இடது கையில் ட்ரிப்ஸ் கூட வேண்டாம் என்றேன். மகன் பேனா வாங்கி ஃபைலின் மேலட்டையிலேயே எழுதிக்கொண்டார்.