வார் கோப்புக்கு வெளியே இருப்பவை: ஜாவா வலைச்சேவை எழுதும் பிள்ளைகளுக்கு

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களிலிருந்து எங்களிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஜாவா நன்றாகவே தெரியும். ஆனால் எழுதியதை வலைச்சேவையாக்கி, வார் கோப்பு என்ற ஒரே கட்டாகக் கட்டிச் சேர்வரில் ஏற்றச் சொன்னால் பலர் திகைத்துப்போகிறார்கள். நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸில் பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடுகிறது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் எத்தனை பாகங்கள் கைகோத்து வேலை செய்கின்றன என்பதை அவர்களுக்கு யாரும் பிரித்துக் காட்டியதில்லை. இது அவர்களுடைய குறை அல்ல.

ஏறாவூர்ப் பக்கத்து நெல் ஆலை ஒன்றுக்காக ஒரு தங்கை சிறிய சேவை ஒன்றை எழுதினார். விவசாயியின் இலக்கத்தைக் கொடுத்தால் மூட்டைக் கணக்கும் ஈரப்பதமும் ஜேசன் என்ற தரவு வடிவில் வரும். அவருடைய லப்டொப்பில் நன்றாக வேலை செய்தது. சேர்வரில் ஏற்றியதும் 404, அதாவது அந்த முகவரியில் எதுவும் இல்லை என்ற பதில். லொக் கோப்பில் ஒரு பிழைகூட இல்லை. முகவரியைத் திருப்பித் திருப்பித் திருத்திப் பார்த்துச் சோர்ந்துபோனார்.

முகவரியில் பிழையே இல்லை. ஜாவா வலைச்சேவைகளை ஓட்டும் மென்பொருளான டொம்கேட்டின் பதிப்புதான் வேறு: லப்டொப்பில் இருந்தது டொம்கேட் 9, சேர்வரில் இருந்தது டொம்கேட் 10. ஆரக்கிள் நிறுவனம் 2017இல், ஜாவாவின் வலைச்சேவைப் பகுதிகள் அடங்கிய ஜாவா ஈஈயை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் கையளிக்க முடிவுசெய்தது. 'ஜாவாக்ஸ்' என்ற பெயரில் தொடர்ந்து வளர்க்க உரிமை கிடைக்காததால், ஜகார்த்தா ஈஈ என்று பெயர் மாறிய அதன் 2020இல் வந்த 9ஆம் பதிப்பில் பொதிகளின் பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறின. டொம்கேட் 9க்குப் பழைய பெயர் மட்டுமே தெரியும். 10க்குப் புதியது மட்டுமே. பழைய பெயரில் எழுதிய சேர்வ்லெட் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) குறிப்பை டொம்கேட் 10 அடையாளம் காணாமல் கடந்துவிடுகிறது. அதனால்தான் பிழைச் செய்தியும் இல்லை, சேவையும் இல்லை. நிரலில் பொதிப் பெயர்களை மாற்றினால் தீர்ந்தது. மாற்ற முடியாத பழைய வார் கோப்பு என்றால் டொம்கேட் 10இன் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' கோப்புறையில் போடுங்கள். அது தானே மாற்றிக்கொள்ளும்.

ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து, இதை எனக்கு யார் தருகிறார்கள் என்று கேட்கப் பழகுங்கள். நிரலைத் தொகுப்பது ஜேடிகே என்ற ஜாவா கருவித்தொகுதி. நீங்கள் ஜாவா 17இல் தொகுத்து, சேர்வரில் ஜாவா 8 இருந்தால், தொகுத்து வந்த கிளாஸ் கோப்பின் பதிப்பு 61, எனக்கு 52 வரைதான் தெரியும் என்று சேர்வரின் ஜாவா மறுத்துவிடும். எச்டிடிபி கோரிக்கையை வாங்கி உங்கள் சேர்வ்லெட்டிடம் கொடுப்பது டொம்கேட். ஆனால் ரெஸ்ட் என்ற பாணியில் சேவை எழுத உதவும் நூலகம் டொம்கேட்டில் கிடையாது. ஜெர்சியையோ ரெஸ்ட்ஈஸியையோ வார் கோப்புக்குள் நீங்கள்தான் வைக்க வேண்டும். வைல்ட்ஃபிளை போன்ற முழுமையான சேர்வரில் அது ஏற்கெனவே இருக்கிறது. நிரலைக் கட்டும் கருவியான மேவனில் 'புரொவைடட்' என்று எழுதுவதன் பொருளும் இதுதான்: தொகுக்கும்போது வேண்டும், வார் கோப்புக்குள் வேண்டாம், சேர்வர் தந்துவிடும். சேர்வ்லெட் நூலகத்துக்கு அப்படி எழுதுவது சரி. டொம்கேட்டில் ஓடப்போகும் ஜெர்சிக்கு அப்படி எழுதினால் சேவை எழும்பாது.

சேர்வரையும் சேர்த்தே தரும் ஸ்பிரிங் பூட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அதற்குள்ளும் டொம்கேட்தான் உட்கார்ந்திருக்கிறது. 2022இல் வந்த ஸ்பிரிங் பூட் 3 குறைந்தது ஜாவா 17 கேட்கும், ஜகார்த்தா பெயரையும் கேட்கும்.

எக்ஸ்எம்எல் செய்திகளால் பேசும் சோப் சேவைகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். பழைய அமைப்புகளோடு பேச அது இன்னும் தேவைப்படுகிறது. அதன் விவரணை மொழியான டபிள்யூஎஸ்டிஎல் 1.1ஐ 2001இல் எழுதியவர்களில் ஒருவர் நம் நாடான இலங்கையைச் சேர்ந்த சஞ்சீவ வீரவரண. பழைய பாடக் குறிப்புகளில் உள்ள, சோப் சேவை எழுதும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் பயிற்சிகள் ஜாவா 8இல் ஓடும். 2018இல் வந்த ஜாவா 11இலிருந்து அந்தப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. நூலகத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

எனக்கு மிகவும் கவலை தருவது தமிழ்ப் பெயர்கள்தான். விவசாயியின் பெயர் திரையில் வெறும் கேள்விக்குறிகளாக வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜாவா 18 முதல்தான், தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறிமுறை இயல்புநிலை ஆனது. அதற்கு முந்தைய பதிப்புகள் இயங்குதளத்தின் அமைப்பையே எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் கணினியில் பெரும்பாலும் அது தமிழைத் தாங்காது. கோப்பைப் படிக்கும் இடம், பதிலின் தலைப்பு, தரவுத்தள அட்டவணை ஆகிய மூன்றிலும் யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். 'கி' என்ற ஓர் எழுத்துக்கே 6 பைட் வேண்டும்; நீளத்தைப் பைட்டில் அளக்கும் தரவுத்தளம் என்றால் பெயருக்கான இடத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். சோதனைக்கு 'டெஸ்ட்1' என்று ஆங்கிலத்தில் அடிக்காமல், கிருஷ்ணபிள்ளை என்றோ முகம்மது இஸ்மாயில் என்றோ தமிழில் அனுப்பி, தரவுத்தளத்துக்குள் போய்த் திரும்பி வந்த பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அதையும் லப்டொப்பில் அல்ல, சேர்வரிலேயே செய்யுங்கள்.