நோட்டீஸ் நகலைக் கேட்காமல் வேலைநிறுத்தத்தில் இறங்காதீர்கள்

போன வாரம் என் வக்கீல் ஆபீஸுக்கு இன்னொருவர் வந்தார். கண்டக்டர், 14 வருட சர்வீஸ். எந்த நிறுவனம், எந்த டிப்போ என்பது இங்கே வேண்டாம். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் சார்ஜ் மெமோ (நிர்வாகம் தரும் குற்றச்சாட்டுக் கடிதம்), விசாரணை அறிக்கை, டிஸ்மிஸ் ஆர்டர். ஆர்டர் வந்து இரண்டே கால் வருடம் ஆகிவிட்டது.

"ஸ்ட்ரைக் நோட்டீஸ் யார் கொடுத்தாங்க, என்னைக்குக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். குரூப்ல மெசேஜ் வந்துச்சு. யாரும் டூட்டி ஏறலை, நானும் ஏறலை."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பிறகு யாரோ யோசனை சொல்ல, வேலைநிறுத்தம் நடந்த இரண்டு நாளும் காய்ச்சல் என்று ஒரு மருத்துவச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதே நாளில் டிப்போ வாசலில் கொடி பிடித்து நிற்கும் அவருடைய படம் விசாரணைக் கோப்பில் இருக்கிறது. வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்கு டிஸ்மிஸ் என்பது அளவுக்கு மீறிய தண்டனை என்று நான் வாதாடலாம். பொய்ச் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன வாதாடுவது?

சேலத்தில் தொழிலாளர் வழக்குகள் நடத்த ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதே கவர், இதே பதில். எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அதே வாரம் ஏற்காட்டுக்கு மேலே நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். காபி எஸ்டேட்டில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர், கிராஜுவிட்டி வழக்கு. விசாரணை நாளன்று வேலைநிறுத்தத்தால் பஸ் ஓடவில்லை. ஜீப்புக்குக் கேட்ட காசு அவரிடம் இல்லை. எனக்கும் அன்று வேறு ஊரில் வழக்கு. ஆள் வரவில்லை என்று மனு தள்ளுபடி. அதை மறுபடி கோப்பில் ஏற்றவே ஐந்து மாதம் பிடித்தது. "பஸ் ஓடலைன்னா நாங்க எங்கய்யா போறது?" என்று கேட்டார். சமவெளியில் தனியார் பஸ், ஷேர் ஆட்டோ என்று எதையாவது பிடித்துக்கொள்ளலாம். மலையில் காலை வண்டி போனால் போனதுதான்.

இந்த இரண்டு பேரையும் மனதில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். பொதுப் போக்குவரத்துத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தை அரசு கட்டுப்படுத்தலாமா? கட்டுப்படுத்தலாம், கட்டுப்படுத்தவும் வேண்டும். ஆனால் தடை செய்யக் கூடாது. அந்த அம்மாவுக்காகக் கட்டுப்பாடு, அந்தக் கண்டக்டருக்காக உரிமை, இரண்டும் ஒரே சட்டத்தில் இருக்க முடியும்.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். டீக்கடையிலிருந்து டிவி விவாதம் வரை ஒரு வசனம் ஓடுகிறது: "ஸ்ட்ரைக் பண்ணவே கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு." படித்தவர்கள் சொல்கிறார்கள், அதிகாரிகள் சொல்கிறார்கள், ஒரு சார்ஜ் மெமோவில் எழுதியே பார்த்திருக்கிறேன். சொல்பவர்கள் குறிப்பிடுவது 2003 ஆகஸ்டில் வந்த ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பை. அந்த வழக்கு எதைப் பற்றியது? தமிழக அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்களே, அதைப் பற்றியது. அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகள் உண்டு, அந்த விதியிலேயே வேலைநிறுத்தத்துக்குத் தடை உண்டு. போக்குவரத்துக் கழக டிரைவர் அரசு ஊழியர் அல்ல. கழகம் என்பது கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனம், பங்குகள் அரசின் கையில் இருக்கின்றன, அவ்வளவுதான். அவர் பழைய தொழில் தகராறு சட்டத்தின்படியும், அதன் இடத்தில் வந்த புதிய தொகுப்பின்படியும் ஒரு தொழிலாளி. அந்தத் தீர்ப்பில் உள்ள சொற்கள் அகலமானவை என்பது உண்மை. ஆனாலும் தீர்ப்பு எந்த வழக்கில் வந்தது என்பதைப் பார்க்காமல் ஒரு வரியை மட்டும் உருவி எடுத்து எல்லார் தலையிலும் வைக்க முடியாது.

இன்னும் எளிதாகச் சொல்கிறேன். வேலைநிறுத்தமே கூடாது என்றால், 14 நாள் முன்பாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் செய் என்று சட்டம் ஏன் சொல்கிறது? 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 22-ஆம் பிரிவு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு அப்படித்தான் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் தொகுப்பின் 62-ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது, இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் சேர்த்து. வழி சொல்லும் சட்டத்தைத் தடைச் சட்டம் என்று படிப்பது எப்படி?

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு உண்டு. "ஸ்ட்ரைக் எங்கள் அடிப்படை உரிமை" என்று சங்கக் கூட்டங்களில் பேசுகிறார்கள். இல்லை தோழர்களே. சங்கம் சேரும் உரிமைதான் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. வேலைநிறுத்தம் அதற்குள் வராது என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது சட்டம் தரும் உரிமை, சட்டம் போட்ட வேலிக்குள் நிற்க வேண்டிய உரிமை.

வேலி எங்கே இருக்கிறது என்பதுதான் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவில்லை. நோட்டீஸ் கொடுத்த 14 நாளுக்குள் இறங்கக் கூடாது. சமரசப் பேச்சு நடக்கும்போது கூடாது, முடிந்த பிறகும் ஏழு நாள் கூடாது. தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கும்போது கூடாது. பழைய சட்டத்தில், தகராறைப் பேசித் தீர்க்க அரசு நியமிக்கும் சமரச அதிகாரியின் கைக்கு நோட்டீஸ் போன நாளே சமரசம் தொடங்கியதாகக் கணக்கு. இப்போது அவர் கூட்டும் முதல் கூட்டத்திலிருந்து கணக்கு. சட்டப்படி வேலைநிறுத்தம் செய்யக் கிடைக்கும் ஜன்னல் அவ்வளவு சிறியது. ஆக, "கட்டுப்பாடு வேண்டுமா" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஏற்கெனவே இருக்கிறது, நிறையவே இருக்கிறது. போதாக்குறைக்குத் தமிழ்நாட்டுக்கென்று 2002-ல் வந்த எஸ்மா (அத்தியாவசியச் சேவைகள் பராமரிப்புச் சட்டம்) வேறு.

இல்லாதது அரசின் பக்கத்துக் கடமை. 2018 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். ஊதிய ஒப்பந்தம் முடிந்தது 2016 ஆகஸ்டில். பேச்சு இழுத்துக்கொண்டே போனது. சங்கங்கள் அடிப்படைச் சம்பளத்தை 2.57 மடங்காக்கக் கேட்டன, அரசு 2.44-ல் நின்றது. ஜனவரி 4 மாலை பஸ்கள் நின்றன. பொங்கல் நெருங்க நெருங்க ஊரே தவித்தது. கடைசியில் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனை மத்தியஸ்தராக நியமித்த பிறகு, வேலைநிறுத்தம் தொடங்கிய எட்டாவது நாள் அது முடிவுக்கு வந்தது. அந்த மத்தியஸ்தரை 2016-லேயே நியமித்திருக்க முடியாதா? முதலாளியும் அரசு, சமரச அதிகாரியும் அரசு, தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்து வந்ததும் அரசு. இப்படி இருக்கும்போது தொழிலாளியின் கையை மட்டும் கட்டினால் அது நியாயமாகாது. ஒப்பந்தம் முடிந்து இத்தனை மாதத்துக்குள் முடிவு வராவிட்டால் தகராறு தானாகவே நடுநிலையான மத்தியஸ்தரிடம் போக வேண்டும், அவர் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்த வேண்டும். இதை எழுதிவிட்டு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமானாலும் போடுங்கள், ஆதரிக்கிறேன்.

சங்கங்களிடமும் எனக்குக் கோபம் உண்டு. 2018-ம் பொங்கலுக்கு முன்னால், 2024-ம் பொங்கலுக்கு முன்னால். அழுத்தம் கொடுக்கத்தான் அந்த நாள், புரிகிறது. ஆனால் அந்த அழுத்தம் அமைச்சர் மீது விழுவதற்கு முன்னால் நாகலூர் அம்மா மீது விழுகிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, நின்றால் உயிருக்கு ஆபத்து வரும் மருத்துவமனை, மின்சாரம், தண்ணீர் போன்ற சேவைகளின் வரிசையில் போக்குவரத்தைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அதே சமயம் போக்குவரத்தில் குறைந்தபட்சச் சேவை கேட்பது தவறில்லை என்கிறது. இத்தாலியில் 1990 முதலே சட்டம் இருக்கிறது, வேலைநிறுத்த நாளிலும் காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரத்துக்கு வண்டி ஓடியாக வேண்டும். பிரான்சில் 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கலந்துகொள்ளும் ஊழியர் 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட வேண்டும், எந்த வண்டி ஓடும் என்று பயணிக்குத் தெரிந்துவிடும். நம் ஊருக்கு என்ன வேண்டும்? மலைக் கிராமங்களுக்குக் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, பொதுத்தேர்வு நாட்களில் பள்ளி நேர வண்டி. இதைச் சங்கங்கள் தாங்களாகவே அறிவித்தால் மக்கள் அவர்கள் பக்கம் நிற்பார்கள். கெஞ்சிக் கேட்கிறேன், யோசியுங்கள்.

நிர்வாகங்களுக்கு ஒன்று. வேலைநிறுத்த நாளில் லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காக யாரையாவது பிடித்து மலை வண்டியில் உட்கார வைக்காதீர்கள். ஏற்காட்டுப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. பிரேக்கை மட்டும் நம்பி இறங்கும் ஆள் அங்கே வேண்டாம்.

இனி டிரைவர், கண்டக்டர்களுக்கு. நோட்டீஸ் நகலை முதலில் கேளுங்கள், தேதியைப் பாருங்கள். சமரசம் நடக்கிறதா, என்றைக்கு முடிந்தது என்று சங்க நிர்வாகியிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் இறங்காதீர்கள். எல்லாரும் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் லீவ் போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான் என்று புதிய தொகுப்பு சொல்கிறது. பழைய சட்டத்தில் சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்கு அபராதம் 50 ரூபாய் வரை. இப்போது 1,000-லிருந்து 10,000 வரை, ஒரு மாதம் வரை சிறை முன்பைப் போலவே உண்டு. ஓடும் வண்டியை மறிக்காதீர்கள், கல்லைத் தொடாதீர்கள். பொய்ச் சான்றிதழ் வேண்டவே வேண்டாம்.

சார்ஜ் மெமோ வந்தால் பதில் கொடுங்கள், கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். துறை விசாரணைக்குப் போகாமல் வீட்டில் உட்காராதீர்கள். தகராறு நிலுவையில் இருக்கும்போது அது தொடர்பில்லாத குற்றச்சாட்டில் டிஸ்மிஸ் செய்தாலும், நிர்வாகம் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, தகராறு யார் முன்னால் இருக்கிறதோ அவரிடம் ஒப்புதல் கேட்டாக வேண்டும். ஒப்புதல் இல்லாத டிஸ்மிஸ் செல்லாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. யார் கவரைப் பிரித்தாலும் நான் முதலில் தேடுவது அந்தக் காகிதத்தைத்தான். போன வாரம் வந்த கண்டக்டரின் கவரில் அது இல்லை. அதுதான் இப்போது எங்களுக்கிருக்கும் ஒரே பிடி.

அப்புறம், தாமதம். நேரடியாகத் தொழிலாளர் நீதிமன்றம் போகப் பழைய சட்டத்தில் மூன்று ஆண்டு அவகாசம் இருந்தது. இப்போது தகராறு எழுந்து இரண்டு ஆண்டு தாண்டினால் சமரச அதிகாரி கையிலேயே எடுக்கக் கூடாது. இவர் டிஸ்மிஸ் ஆனது பழைய சட்டக் காலத்தில் என்பதால் அந்தக் கணக்கைப் பிடித்து மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது ஆர்டர் வந்து பெட்டியில் கிடந்தால், நாளைக் காலையிலேயே ஒரு வக்கீலிடம் எடுத்துக்கொண்டு போங்கள். கவரோடு, உறையோடு, தபால் முத்திரை தெரிகிற மாதிரி.