லேப்டாப்போட ஊர் சுத்தக் கிளம்புறதுக்கு முன்னாடி மாத்திரை டப்பாவையும் ஒரு தடவ பாருங்க

இருபத்தஞ்சு முப்பது வருஷம் ஆபீஸ்லயே ஓடிப்போச்சு, இப்பதான் ரிமோட்டுக்கு ஒத்துக்கிட்டாங்க டாக்டர், ஒரு வருஷம் ஊர் ஊரா தங்கி அங்கருந்தே வேலை பாக்கலாம்னு இருக்கோம்னு சொல்லிட்டு வர்றவங்கள இப்ப என் க்ளினிக்ல அடிக்கடி பாக்குறேன். எனக்கும் சந்தோஷமாதான் இருக்கும், ரிட்டயர்மென்ட் வரைக்கும் தள்ளிப்போடாம கால்ல தெம்பு இருக்கும்போதே கிளம்புறாங்களேன்னு. விசா, வைஃபை, தங்குற வீடு எல்லாம் பக்காவா ப்ளான் பண்ணிருப்பாங்க, உடம்பப் பத்திக் கேட்டா மட்டும் "சுகரும் பிரஷரும் கன்ட்ரோல்லதான் இருக்கு"ன்னு ஒரே வரியில முடிச்சிருவாங்க.

அந்த கன்ட்ரோல் எப்படி வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. 8 மணிக்கு டிபன், கையோட மாத்திரை, 1 மணிக்கு லஞ்ச், ராத்திரி ஒரு நேரத்துக்குத் தூக்கம்னு ஆபீஸ் நேரம்தான் இத்தன வருஷமா உங்க உடம்ப நடத்திட்டு வந்துருக்கு. நாளைக்கு அந்த நேரம் இருக்காது, அதோட சேந்து மாத்திரையும் நடையும் தூக்கமும் கலையும், நான் பாத்த வரைக்கும் முதல் ரெண்டு மாசத்துலயே கலைஞ்சிரும்.

இதுல பெரிய வில்லங்கம் நேர வித்தியாசம். ஆபீஸ் ஒரு டைம் ஸோன்ல, நீங்க வேற ஒண்ணுல. பகல்ல ஊர் பாக்கணும், ராத்திரி 2 மணி வரைக்கும் மீட்டிங், காலையில எழுந்து திரும்ப சுத்தணும். என்கிட்ட வந்த ஒருத்தர் இப்படியே மாசக்கணக்குல இருந்துருக்கார், டிபன் சாப்பிட்டதும் போடுற பிரஷர் மாத்திரைய டிபனே இல்லாததால பாதி நாள் விட்டுருக்கார், திரும்பி வந்தப்ப தலைவலின்னுதான் வந்தார், பாத்தா பிரஷர் எங்கயோ இருக்கு. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல வேலை பாக்குறவங்களுக்கு, 35லருந்து 40 மணி நேரம் பாக்குறவங்கள விட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு மாதிரி இதய ரத்தக்குழாய் நோயால சாகுற ஆபத்து 17 சதவீதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல சேந்து சொல்லிருக்காங்க. நேரத்துக்குக் கிளம்பிப் போறதுக்கு ஆபீஸ் கதவு இல்லாதப்ப வேலை நேரம் தானா நீண்டுக்கிட்டே போகும், கவனிச்சுக்கங்க.

அதனால நான் சொல்றது இதுதான், ஆபீஸ் நேரத்துலருந்து மூணு நாலு மணி நேரத்துக்கு மேல தள்ளாத ஊரா பாருங்க, ஒரு ஊர்ல ஒரு மாசமாவது தங்குங்க. நம்ம உடம்புக்குள்ள இருக்குற கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமாரா ஒரு மணி நேரம்தான் நகரும், கிழக்க போறப்ப இன்னும் மெதுவா நகரும், வாரா வாரம் ஊர் மாத்தினா அது எந்த ஊரோடயும் ஒட்டாது.

இன்சுலின் போடுறவங்க கிளம்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட உக்காந்து டோஸ் டைம எழுதி வாங்கிக்கங்க, ஏன்னா கிழக்க பறந்தா அன்னிக்கு நாள் சுருங்கும், மேற்க பறந்தா நீளும். திறக்காத இன்சுலின் 2லருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், திறந்தது பெரும்பாலும் 28 நாள் வரைக்கும் வெளிய தாங்கும், 30 டிகிரிக்கு மேல போகக்கூடாது, உங்க மருந்தோட அட்டையில போட்டுருக்குறதையும் படிச்சுக்கங்க. உறைஞ்சு போச்சுன்னா உருகினாலும் போடாதீங்க, தூக்கிப் போட்டுருங்க. செக்-இன் பெட்டியில வைக்கவே வேணாம், கையிலயே இருக்கட்டும்.

மருந்துச் சீட்டுல பிராண்ட் பேரு மட்டும் இருந்தா வெளிநாட்டுல அது உதவாது, மூல மருந்தோட பேரு இருக்கணும். இங்க சாதாரணமா வாங்குற மருந்து இன்னொரு நாட்டுல சட்டச் சிக்கலாகும்ங்கிறதும் நிறைய பேருக்குத் தெரியல. ஜப்பானுக்குள்ள 10 சதவீதத்துக்கு மேல சூடோஎஃபெட்ரின் இருக்குற ஜலதோஷ மாத்திரைய கொண்டு போகக்கூடாது, ஐக்கிய அரபு அமீரகத்துக்கு கோடின், டிரமடால் மாதிரி வலி மருந்து எடுத்துட்டுப் போறதுன்னா முன்கூட்டியே அனுமதி வாங்கணும். போற ஒவ்வொரு நாட்டுக்கும் இத செக் பண்ணுங்க.

நீண்ட பயணத்துல கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையுற பிரச்சனை உண்டு, 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்து போனா ஆபத்து சுமார் ரெண்டு மடங்காகுதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2007 ஆய்வறிக்கை சொல்லுது, தனி ஒருத்தருக்குப் பாத்தா அது குறைவான ஆபத்துதான், பயப்பட வேணாம், எழுந்து நடங்க. இறங்கி சில வாரம் கழிச்சுகூட ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ திடீர்னு மூச்சு வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. லேப்டாப்ப கட்டில்ல வச்சுக்கிட்டு வேலை பாக்காதீங்க, ஒரு ஸ்டாண்டும் தனி கீபோர்டும் பைக்குள்ள இருக்கட்டும். இன்சூரன்ஸ்ல பழைய நோய மறைக்காம எழுதுங்க, ஒரு பயணத்துக்கு எத்தன நாள் வரைக்கும்னு வரம்பு இருக்கான்னும் பாத்துக்கங்க.

இன்னொண்ணு, என்ன ரொம்ப யோசிக்க வைக்கிறது. ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் "என்ன சார், வாய் ஒரு பக்கமா இழுக்குதே"ன்னு கேப்பார். ரூம்ல தனியா உக்காந்துருக்குறப்ப கேக்க ஆள் இல்ல. பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய வழக்கமா நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதனால கூட வர்றவங்களுக்கு முகம் கோணுறது, கை தளர்றது, பேச்சு குழர்றது இந்த மூணையும் சொல்லிக் குடுங்க, தனியா போறவங்க தினமும் ஒரு நேரம் வீட்டுக்கு வீடியோ கால் போடுங்க. அவசர எண் ஊருக்கு ஊர் மாறும், ஐரோப்பிய யூனியன் முழுக்க 112, அமெரிக்காவுல 911, ஜப்பான்ல ஆம்புலன்ஸுக்கு 119, ஆஸ்திரேலியாவுல 000. இறங்கின அன்னிக்கே அந்த நம்பரையும் கிட்டத்துல இருக்குற ஆஸ்பத்திரியையும் போன்ல சேத்துருங்க, உங்க நோய், மருந்து, அலர்ஜி விவரத்த லாக் ஸ்க்ரீன்லருந்தே மத்தவங்க பாக்குற மாதிரி போட்டு வைங்க.