பாலிக் புலாவில் கம்பங்கள் (கிராமங்கள்) ஏன் மலையடியில் இருக்கின்றன?

பினாங்குத் தீவின் கிழக்கே ஜோர்ஜ்டவுன் பக்கம் இருக்கிற நமக்கு, மலைக்கு மேற்கே இருக்கும் பாலிக் புலாவ் என்றால் டுரியான் சீசன், இல்லாவிட்டால் லக்சா நூடுல்ஸ். அடுத்த முறை போகும்போது வீடுகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். மீனவர் வீடுகள் ஆற்று வாயில் இருக்கும், சில வீடுகள் வயல் வாய்க்காலை ஒட்டி இருக்கும், ஆனால் பழைய கம்பங்கள் பலவும் மலைச்சரிவு முடிந்து சமவெளி தொடங்குகிற ஓரத்தில்தான் இருக்கும்.

காரணம் தண்ணீர். தீவின் நடுவே வடக்கு தெற்காகக் கிடக்கும் மலை கிரானைட் பாறை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் ஓயாத வெக்கையும் சேர்ந்து அந்தப் பாறையை மெல்ல மெல்ல மக்க வைத்து, மணலும் களிமண்ணும் கலந்த மண்ணாக்கிவிடுகின்றன. மழைநீர் அதில் இறங்கி, கீழே பாறை விரிசல்களில் நுழைந்து, சரிவின் அடியில் ஊற்றாகவும் ஓடையாகவும் வெளியே வருகிறது. அதனால் ஜனவரி, பிப்ரவரி வறட்சியிலும் பல ஓடைகள் சட்டென்று வற்றுவதில்லை. டுரியானுக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகல் நோய் வரும், அது சரிவில்தான் நன்றாக வளரும். நெல்லுக்கோ தண்ணீரைப் பிடித்து வைக்கும் சமவெளிக் களிமண் வேண்டும். மலையடியில் வீடு கட்டினவருக்கு இரண்டும் நடை தூரம், வெள்ளமும் அவ்வளவாக எட்டாது. கெட்டிக்காரத்தனம்தான்!

அப்படிப்பட்ட ஊரில் எத்தனை பேர் பிழைக்கலாம் என்பதை நிலத்தின் அளவே முடிவு செய்யும். பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் கொடுக்கத் துண்டு சிறுத்துப்போகும், ஒரு கட்டத்தில் யாராவது வெளியே போயே ஆக வேண்டும். 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்ததும் இளையவர்களுக்கு மலைக்கு அந்தப் பக்கமே சம்பளம் கிடைத்தது. அப்புறம் நடப்பது மெதுவான வேலை: வீடுகள் அப்படியே நிற்கும், வீட்டுக்குள் ஆள் குறையும், மிச்சம் இருப்பவர்களின் சராசரி வயது ஏறும்.

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் நம் தமிழர்கள் இருந்த தோட்டத்து லயங்களின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) கதை வேறு. அங்கே வீடு வேலையோடு கட்டப்பட்டது, தண்ணீரும் மண்ணும் பார்த்துக் குடும்பம் தேர்ந்தெடுத்த இடம் இல்லை. தோட்டம் கைமாறி வேலை போனால் வீடும் போகும், ஊரே மொத்தமாகக் காலியாகும்.

கணக்கெடுப்பு இன்னொரு குழப்பம். அரசிதழில் அறிவித்த பகுதியும், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 60 விழுக்காட்டினராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்கும் ஒட்டிய கட்டடப் பகுதியும் சேர்ந்து 10,000 பேரைத் தொட்டால் அது நகர்ப்புறம். பக்கத்தில் தாமான் (குடியிருப்புப் பகுதி) ஒன்று எழும்பினால் போதும், பின்கட்டில் கோழி மேய்கிற கம்பமும் நகரக் கணக்கில் சேர்ந்துவிடலாம். பினாங்கு மாநிலத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் நகர மக்கள் என்று 2020 கணக்கெடுப்பு சொல்வதில், ஊரை விட்டு நகராமலேயே நகரவாசி ஆனவர்களும் உண்டு.