இன்னொரு நோட்டு வேண்டாம், மண்ணில் விடுங்கள்

இந்த மாதம் இது நான்காவது குழந்தை. ஐந்து வயதுப் பையன். "ரெண்டு வரி எழுதினாலே கை வலிக்குதுங்கிறான் டாக்டர்" என்றார் அம்மா. (நான் டாக்டர் இல்லை, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; எழுதுவது மாதிரி அன்றாட வேலைகளுக்கு உடம்பைப் பழக்குபவர். திருத்திச் சலித்துவிட்டேன்.) பையில் கையெழுத்துப் பயிற்சி நோட்டுகள் மூன்று. வெளியே விளையாடுவானா என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் நேரம் எங்கே?"

எழுதுவது விரலின் வேலை என்று யார் சொன்னது? விரல் கடைசியில் வருவது. முதுகு தளராமல் நிற்க வேண்டும், தோள் கையைத் தாங்க வேண்டும், மணிக்கட்டு ஆடாமல் இருக்க வேண்டும். அப்புறம்தான் விரல் சொன்னபடி கேட்கும். கிளையைப் பிடித்துத் தொங்கும் பிள்ளைக்குத் தோள் உறுதிப்படுகிறது. ஈர மண்ணைப் பிசைந்தால், குச்சியால் குழி தோண்டினால், உள்ளங்கையின் சின்னத் தசைகளுக்கு வேலை கிடைக்கிறது. தோளே தயாராகாத பிள்ளைக்கு நான்காவது நோட்டு வாங்கித் தந்தால் கை வலி கூடும், எழுத்து வராது. விளையாட்டு படிப்பின் நேரத்தைத் தின்கிறது என்கிறீர்கள். படிப்புக்கு வேண்டிய உடம்பே அங்கேதான் உருவாகிறது!

மூளைக்கும் அங்கே வேலை இருக்கிறது. ஓடும் தண்ணீரை மண்ணால் அணைகட்டுவான், உடையும். கல்லை வைப்பான், இடுக்கில் கசியும். அடுத்து என்ன என்று யோசிப்பான். தயவுசெய்து அந்த நேரத்தில் வழி சொல்லிக் கொடுக்காதீர்கள்.

மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு நாளுக்கு 180 நிமிட உடல் அசைவு, அதில் 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க ஆடுவது, திரை 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. என்னிடம் வரும் வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

சரி, பயம் இருக்கும். நகத்தை வெட்டிவிடுங்கள், மண்ணில் ஆடியபின் சோப்பு போட்டுக் கை கழுவட்டும், டெட்டனஸ் தடுப்பூசி தவற வேண்டாம். தானாக ஏற முடியாத மரத்தில் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் பக்கம் மட்டும் கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள், போனைப் பையில் போட்டுவிட்டு. சின்னக் குழந்தை மூழ்கக் கொஞ்சத் தண்ணீரே போதும். சிராய்ப்புக்கெல்லாம் ஓடிவர வேண்டாம். மாதக்கணக்கில் நன்றாக ஆடியும் கை வலியோ தடுமாற்றமோ குறையவில்லை என்றால் வாருங்கள்.

அந்தப் பையனுக்குத் தினமும் மாலை ஒரு மணி நேரம் மண் என்று எழுதிக் கொடுத்தேன். நோட்டுகளை என் மேசையிலேயே விட்டுப்போகச் சொன்னேன். இரண்டை வைத்துவிட்டுப் போனார்.